கீரைக்கு மேடை, பறித்தவருக்கு வேலி

பாரம்பரிய உணவுத் திருவிழா இன்று தமிழ்நாட்டில் ஒரு நிலைபெற்ற வழக்கம். பள்ளி ஆண்டு விழா, கல்லூரி மகளிர் தினம், ஊட்டச்சத்து மாதம், சுயஉதவிக் குழுக் கண்காட்சி என்று எதை எடுத்தாலும் வாழையிலை விரித்த மேசைகள் வரிசையாக நிற்கின்றன. முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், தூதுவளை ரசம், கருப்புக் கவுனிப் பொங்கல், பனங்கிழங்கு, பலாக்கொட்டைக் குழம்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது எந்த நோய்க்கு நல்லது என்று எழுதிய அட்டை. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்த விழாக்களுக்கு அரசின் ஊக்கமும் சேர்ந்துகொண்டது. 2025இல் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததும் எங்கள் பக்கம் ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. நடத்துபவர்களும் ஆதரித்து எழுதுபவர்களும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: மறந்துபோன உணவு மக்களிடம் திரும்பி வருகிறது, மரபு மீட்கப்படுகிறது. இந்த நியாயத்தோடு எனக்கு நெடுநாளாகவே உடன்பாடு இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமைக்கும் வரகுக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை இந்த மேசைகளுக்கு முன்னால் நின்றுதான் அதைக் கற்றுக்கொண்டது. வீட்டுக்குள் யாரும் பாராட்டாத கைப்பக்குவத்துக்கு முன்பின் தெரியாதவர்கள் காசு கொடுத்து மரியாதை செய்தார்கள். குழுப் பெண்களில் சிலருக்கு இதுவே தொழிலாகவும் ஆனது. இயற்கை வேளாண்மைக்காக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதன் விளைவுகளில் இந்த விழாக்களும் அடக்கம். பொட்டலத் தின்பண்டங்கள் பெட்டிக்கடை வரை தோரணம் கட்டித் தொங்கும் காலத்தில், உளுந்தங்களிக்கு ஒரு பந்தல் போடுவது வீண் வேலை ஆகாது.

குறைகளிலும் இரண்டைப் பற்றி மற்றவர்கள் ஏற்கெனவே நன்றாகப் பேசிவிட்டார்கள். ஒன்று, மருத்துவ அட்டைகள். எந்தக் கீரையைத் தின்றாலும் சர்க்கரையும் மூட்டுவலியும் ஓடிவிடும் என்று எழுதி வைப்பது பொறுப்பற்ற செயல். நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, எது நம் உணவு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் இடமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் அந்தக் கேள்வி எழுந்து, பிறகுதான் மாட்டிறைச்சிக் கடைகள் வந்தன. அந்த விவாதம் அவசியமானது. அதில் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமும் இல்லை. ஆனால் மேசையில் எல்லா இறைச்சியும் வந்து அமர்ந்துவிட்ட பிறகும் தீராமல் நிற்கும் குறை ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

இந்த விழாக்கள் உணவைக் கொண்டாடுகின்றன. அந்த உணவைப் பறிக்க ஒருவர் கால்வைத்த நிலத்தைப் பற்றி, அங்கே கால்வைக்க அவருக்கு இருந்த வழக்குரிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. விளைவித்த உணவுக்கு இந்தக் குறை அவ்வளவாகப் பொருந்தாது. கவுனி அரிசிக்கு ஒரு விவசாயி இருக்கிறார், அவருக்குப் பட்டா இருக்கிறது, பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருக்கின்றன. தானாக முளைத்ததைப் பறித்துவந்து சமைக்கும் உணவுக்கு அப்படி யாரும் இல்லை. பண்ணைக்கீரையை யாரும் விதைக்கவில்லை. சாரணையை யாரும் பயிரிடவில்லை. களாக்காய், காரைப்பழம், சூரைப்பழம், நத்தை, வயல் நண்டு, ஈசல் எல்லாம் அப்படித்தான். ஆகவே இவை எல்லோருக்கும் சொந்தமான பாட்டன் சொத்து என்பதுபோல விழாக்காரர்கள் எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இவற்றைத் தேடிப் பறித்துத் தின்றவர்கள் எல்லோரும் அல்லர். பெரும்பாலும் சொந்தமாக நிலம் இல்லாதவர்கள். பறித்த இடமும் அவர்களுடையது அன்று. பிறர் வரப்பு, ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, அறுவடை முடிந்த கொல்லை.

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில் இது எப்படி நடந்தது என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். மணிலாக் கொல்லையில் களையெடுக்கப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நகர்வார்கள். கையில் களைக்கொத்து, இடுப்பில் செருகிய மடி. கொத்துக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை வரப்புக்குப் போகும். பண்ணைக்கீரை பூ எடுக்காத இளங்குருத்தாக இருந்தால் மடிக்குப் போகும். தொய்யக்கீரை, குப்பைக்கீரை, கானாவாழை, கொடிப்பசலை ஒவ்வொன்றும் ஒரு பிடி. எதை நுனியோடு கிள்ள வேண்டும், எதை வேரோடு எடுக்கலாம், எது கசக்கும், கசப்பை அடக்க எதைக் கூடப் போட வேண்டும் என்பது பேச்சோடு பேச்சாகக் கைமாறும். சாயங்காலம் கூலியோடு மடியும் நிறைந்து வீட்டுக்கு வரும். சட்டியில் வேகவைத்து, பச்சை மிளகாயும் புளியும் சேர்த்துக் கடைந்தால் கலவைக்கீரை. நிலத்துக்காரர் இதைக் கணக்கில் எடுத்ததே இல்லை. களை போனால் சரி என்பது அவர் கணக்கு. எழுதாத ஓர் உடன்படிக்கை அது: உன் பயிர் எனக்குக் கூலி, உன் களை எனக்குக் கறி.

அந்த உடன்படிக்கை எப்போது முறிந்தது? களைக்கொல்லி வந்தபோது. நஞ்சையில் நட்ட சில நாளில் பூட்டாகுளோரை மணலில் கலந்து விசிறிவிட்டால் ஆராக்கீரை முளைப்பதில்லை. புஞ்சையில் முதுகுத் தெளிப்பானோடு ஒரே ஆள் அரை நாளில் முடித்துவிடுகிறார். விவசாயியைக் குறைசொல்லிப் பயன் இல்லை, ஆள் கிடைக்காமலும் கூலி கட்டாமலும்தான் அவர் மருந்துக்குப் போனார். ஆனால் அந்த ஒரே தெளிப்பில் கூலியும் போனது, கீரையும் போனது, கொத்திக்கொண்டே கற்றுக்கொடுத்த அந்த வரிசையும் போனது. வரிசை கலைந்தால் அறிவு கலைகிறது. ‘மறந்துபோன கீரைகள்’ என்று விழாக்களில் பதாகை கட்டுகிறார்கள். அந்தப் பெண்கள் எதையும் மறக்கவில்லை. போய்ப் பறிக்க இடம் இல்லாமல் போனது. மறதி என்று சொன்னால் அது பெண்களின் குறையாகிறது, நினைவூட்டினால் தீர்ந்துவிடும் என்றாகிறது. இழப்பு என்று சொன்னால்தான் யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி வரும். விழா அந்தக் கேள்வியை விரும்புவதில்லை.

முந்திரிக்காட்டிலும் இதே கதைதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பிறகு வைத்தவை ஒட்டுக்கன்றுகள். வரிசை பிடித்து நட்டு, அடியைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் தோப்புகள். விவசாயிக்கு அதனால் விளைச்சல் கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. பழைய விதைமரக் காட்டில் மரத்துக்கு மரம் இடைவெளியில் களாவும் ஈச்சையும் நாவலும் நின்றன. அறுப்பு முடிந்தபின் விட்டுப்போன கொட்டையைப் பொறுக்கவும், அடுப்புக்குச் சருகு அரிக்கவும், பழம் பறிக்கவும் யாரும் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது பல தோப்புகளில் கம்பிவேலி. மீதி மனைப்பிரிவாகிக் கல் நட்டுக் கிடக்கிறது.

எங்களூர் முந்திரியே பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான், ஆகவே மரபு என்பதற்கு ஆதிகாலம் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். மரம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, மரத்தடிக்கு யார் வரலாம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புவிசார் குறியீடும் இந்தக் கேள்விக்கு விடையாகவில்லை. அது ஊர்ப்பெயரைக் காக்கிறது. பண்ருட்டி என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையை உற்பத்தி செய்கிறவரும் பதப்படுத்தி விற்கிறவரும் பதிந்துகொள்ளலாம். சுட்ட கொட்டையைக் கூலிக்கு உடைத்து, ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் கறுத்துத் தோல் உரிந்த பெண்ணுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. பலாமரத்தில் ஏறிக் காய் முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்த்து, கயிறு கட்டி இறக்குகிறவருக்கும் இல்லை. பெருமை பட்டாக்காரருக்கும் மண்டிக்கும் போகிறது. முந்திரிக் கேக்குக்கும் பலாப்பழ அல்வாவுக்கும் விழாவில் மேசை போட்டவர்கள், உடைக்கும் கூலி கிலோவுக்கு எவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுதி வைத்ததை நான் எங்கும் பார்த்ததில்லை.

நெய்வேலியை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தின் நிலத்தைப் பற்றிப் பேச முடியாது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து நிலக்கரிக்காக ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டு வருகிறது. நகரியத்தின் வட்டங்களில் நிழல் தரும் மரங்கள் உண்டு, சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. இவையும் உண்மை. 2023 ஜூலை மாதம் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, பயிருக்கு இழப்பீடு பேசப்பட்டது. நிறுவனம், நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது. அந்த வாதங்கள் எல்லாவற்றிலும் நெல் இருந்தது, ஏக்கர் இருந்தது, பட்டா இருந்தது. அதே வயலின் வரப்பில் கீரை கிள்ளியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் பாதிக்கப்படும் குடும்பம் என்பதன் வரையறையில் விவசாயக் கூலிகளையும், காட்டையும் நீர்நிலையையும் நம்பிச் சேகரித்து வாழ்பவர்களையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அது அவர்களின் முதன்மையான பிழைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. கீரை யாருக்கும் முதன்மைப் பிழைப்பாக இருந்ததில்லை. கூலி குறைந்த நாளில், ஐப்பசி மழையில் வேலை நின்றுபோன வாரத்தில், சோற்றுக்குத் துணையாக இருந்தது. பற்றாக்குறையை ஈடுகட்டும் எதையும் நம் சட்டமும் கணக்கும் காண்பதில்லை.

பொருளாதார அறிஞர் என்.எஸ். ஜோதா 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவு தருகிறது. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிக் கிராமங்களில், 1950களின் தொடக்கத்துக்கும் 1980களின் தொடக்கத்துக்கும் இடையே ஊர்ப் பொதுநிலத்தின் பரப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கும் மேல் வரை சுருங்கியிருந்தது. ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த நிலத்திலிருந்து கிடைத்தது என்பதையும் அவர் காட்டினார். இது களைக்கொல்லி பரவலாவதற்கு முந்தைய கணக்கு. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி மீட்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பாரம்பரிய உணவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மேடைகளில் இந்தத் தீர்ப்பின் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இருளர்களை எடுத்துக்கொள்வோம். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் வயலோரம் பிழைக்கும் பழங்குடிகள் அவர்கள். வரப்பில் எலி வளையின் வாய்களை ஒவ்வொன்றாகக் கண்டு அடைத்து, மிச்சம் வைத்த ஒன்றில் பானை வழியாகப் புகையை ஊதி, கடப்பாரையால் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது வளைக்குள் சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும். இரண்டும் உணவு. விவசாயிக்குச் சேதம் குறைந்தது. பிறகு எலிமருந்து வந்தது. மருந்து தின்ற எலியைத் தின்ன முடியாது. முதல் மழைக்குக் கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து வறுத்து, பொரியரிசியோடு தின்பதும் அவர்கள் மட்டும் அல்லாமல் நடுநாட்டுக் கிராமங்கள் பலவும் அறிந்த சுவை. எத்தனை பாரம்பரிய உணவுத் திருவிழாக்களில் எலிக்கறியும் ஈசலும் வைத்திருக்கிறார்கள்? வைத்தால் முகம் சுளிப்பார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எலிக்கறியை மேசையில் வைத்தால் அதைப் பிடித்தவரையும் அழைக்க வேண்டும். அவர் வந்தால் சாதிச் சான்றிதழ் இல்லை, மனைப்பட்டா இல்லை, செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடக்கிறோம் என்று பேசுவார். கீரை அப்படிப் பேசாது. கீரையை அதன் ஆளிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவது எளிது. அதனால்தான் இந்த விழாக்களின் காட்டுணவு பெரும்பாலும் கீரையாக இருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையை நினைத்துப் பார்க்கலாம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல், பாடியவர் நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாடு இன்றைய திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி, எங்களுக்கு வடக்கே பக்கத்து நாடு. அதில் வறுமைப்பட்ட பாணன் வீட்டில், பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, அண்டை அயலார் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்தோடு பகிர்ந்து தின்கிற காட்சி வருகிறது. தானாக முளைத்த கீரை இந்த நிலத்தில் இப்படித்தான் தின்னப்பட்டது. அதில் திறமை உண்டு, சுவையும் உண்டு, கூடவே கூச்சமும் உண்டு. தாது வருடப் பஞ்சத்திலும் அப்படித்தான். இந்த வரலாற்றைத் துடைத்துவிட்டு, நம் முன்னோர் உடல்நலம் கருதித் தேர்ந்தெடுத்துத் தின்றார்கள் என்று மேடையில் சொல்வது அந்தப் பாணன் மனைவிக்கும் அவளுக்குப் பின் வந்த லட்சக்கணக்கான பெண்களுக்கும் செய்யும் அநீதி.

அதே நூல் இன்னொன்றும் காட்டுகிறது. பரிசில் பெறப் போகும் வழியில் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவார்கள். வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டுக் கறி கிடைக்கும். கடலுணவு கடற்கரையில், காட்டுணவு காட்டில், வயலுணவு வயலோரத்தில், அந்தந்த நிலத்துக்காரர் கையால். விருந்தாளி நடந்து போகிறான், விருந்தளிப்பவர் தம் வாசலில் நிற்கிறார். நம் விழாக்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. உணவு பேருந்தில் ஏறி நகரத்துக் கல்லூரி வளாகத்துக்கு வருகிறது, விருந்தளித்தவர் ஊரிலேயே நின்றுவிடுகிறார். பல மேசைகளில் இருக்கும் தூதுவளை நாட்டுமருந்துக் கடைப் பொடியிலிருந்து வந்தது. அதைச் சமைத்தவர் அதைச் செடியாகப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி ஒன்று: விலை கிடைத்தால் பறிப்பவர்களுக்குத்தானே லாபம், விழா சந்தையை உண்டாக்குகிறதே என்பது. விலையின் போக்கைச் சிறுதானியத்தில் பார்த்துவிட்டோம். வரகும் சாமையும் விளைந்த வீடுகளில் இன்று பொங்குவது ரேஷன் அரிசி. 2011 முதல் அது விலையில்லா அரிசி, ஏழை வீட்டு அடுப்பு எரிந்ததற்கு அதுவே காரணம். சாமையோ நகரத்து அங்காடியில் பளபளக்கும் பொட்டலத்தில், கூலிக்காரர் கைக்கு எட்டாத விலையில். காட்டுக்கீரைக்கு விலை வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பறித்தவர் தின்னாமல் விற்பார். அல்லது இதுவரை கண்டுகொள்ளாத நிலத்துக்காரர் அதற்கும் வேலி போடுவார். இலவசமாகக் கிடைத்தது என்பதே அந்தக் கீரையின் உயிர். கூட்டுறவாகப் பறித்து விற்கும் ஏற்பாடு இருந்தால் நிலைமை மாறலாம் என்பார்கள். மாறலாம்தான், ஆனால் அந்தக் கூட்டுறவுக்கும் பறிக்க ஓர் இடம் வேண்டுமே. மாடித்தோட்டத்தில் வளர்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு மாடி இருக்கிறது.

இன்னொரு மறுமொழி, உணவு விழாவை அரசியல் மேடையாக்காதீர்கள் என்பது. வேறு ஊர்களில் நடந்ததைக் காட்டுகிறேன். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், சங்கராந்தியை ஒட்டி மாட்டுவண்டிகளில் விதைக்குடுவைகளை அடுக்கி ஊர் ஊராகப் போகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் விழா அது. நிலமில்லாத அந்தப் பெண்கள் தரிசாகக் கிடந்த நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர்கள். வயலில் தானாக முளைக்கும் கீரை வகைகளைத் தாங்களே பட்டியலிட்டவர்கள், அவை நிற்பதற்காக மருந்து தெளிக்காத கலப்புப் பயிரைக் காப்பவர்கள். 2019இல் அவர்கள் அமைப்புக்கு ஐக்கிய நாடுகளின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. அங்கே விழாவுக்கு முன்னால் நிலம் இருந்தது. இங்கே திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழாவில், வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் தருவார்கள். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நெல் வகைகள் மீட்கப்பட்டிருந்தன. ஏன் அது பலித்தது? விழாவுக்கு வந்தவர் ஒரு கடமையோடு வீட்டுக்குப் போனார், அதை நிறைவேற்ற அவரிடம் வயல் இருந்தது. இந்த இரண்டும் அரசியல் என்றால் அந்த அரசியல்தான் வேண்டும். நம் கல்லூரி வளாகத்து விழாவுக்கு வந்தவர் ஏப்பத்தோடும் ஒரு படத்தோடும் வீட்டுக்குப் போகிறார். எந்த நிலமும் அதனால் மாறுவதில்லை.

நான் கடுமையாகப் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றும். குழந்தைகளும் ஆசிரியர்களும் நல்லெண்ணத்தோடு செய்வதைப் போய் இப்படி இழுப்பானேன் என்பார்கள். அந்த நல்லெண்ணத்தை நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அக்கறையில்லாதவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் நல்லெண்ணம் ஒரு கெடுதலையும் செய்துகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும். ஆண்டுக்கொருமுறை கலவைக்கீரையை மேசையில் பார்த்துவிட்டவர்கள் கலவைக்கீரை உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கொள்கிறார்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் கட்டடம் எழும்பும்போது அவர்களுக்கு எதுவும் உறைப்பதில்லை. மேசை இல்லாதிருந்தால் வெறுமையாவது கண்ணில் பட்டிருக்கும். வரப்பே இல்லாமல் கீரையை மட்டும் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லும் எந்த விழாவையும் உணவு மரபின் மீட்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த விழாவை நடத்தப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தலுக்கும் மேசைக்கும் சொல்லுமுன் உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால் என்று எந்தெந்தப் புல எண்ணில் எவ்வளவு புறம்போக்கு எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். களையெடுத்துப் பழகிய ஒரு பெண்ணை, அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து, உடன் அழைத்துக்கொண்டு அந்த எண்களை நடந்துபோய்ப் பாருங்கள். மாணவர்களையும் கூட்டிப் போங்கள். எங்கே இன்னும் கீரை முளைக்கிறது, எங்கே வேலி, எங்கே கட்டடம் என்று அவர் சொல்லச்சொல்ல எழுதுங்கள். அந்தப் பட்டியலை விழா மேடையில் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். மீதமிருக்கும் புறம்போக்கில் மருந்து தெளிக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று ஒரு தீர்மானத்தைக் கிராம சபையில் வையுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது.